இலங்கை மலைக்காட்டுச் சுண்டெலி

(மலைப்பகுதி விவசாயிகளுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எலி என்று சொன்னவுடன் உங்கள் முகம் எப்படி மாறும் என்பதை நான் அறிவேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தூரோடு கத்தரித்து வளைக்குள் இழுத்துச் செல்லும் எலியோடும், மண்ணுக்குள்ளேயே உருளைக்கிழங்கைக் குடைந்து வெறும் தோலை மட்டும் விட்டுவைக்கும் எலியோடும் ஆண்டு முழுவதும் போராடுகிறவர்கள் நீங்கள். எலி ஒழிப்பைப் பற்றி நமது இதழில் பல கட்டுரைகளைப் படித்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது ஒழிக்க வேண்டிய எலியைப் பற்றி அல்ல. அழிந்து போகக் கூடாத ஒரு சுண்டெலியைப் பற்றி. அதுவும் நம் நாட்டில் இல்லை, பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கைத் தீவில் இருக்கிறது. "இந்த வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இந்தக் கதையில் நம் பாட்டன் பூட்டன்மாரும் வருகிறார்கள், நம்முடைய எலிமருந்தும் வருகிறது.

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் ரயில் பாதையில் பட்டிப்பொல என்று ஓர் ஊர் இருக்கிறது. இலங்கையிலேயே மிக உயரத்தில் உள்ள ரயில் நிலையம் அதுதான். ஆறாயிரம் அடிக்கு மேல். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1911ஆம் ஆண்டு முதல் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் பாலூட்டி விலங்குகளை ஊர் ஊராகச் சென்று சேகரித்துக் கணக்கெடுத்தது. அந்தப் பணியில் ஈடுபட்டிருந்த மேஜர் மேயர் என்பவர் பட்டிப்பொல காட்டில் பிடித்த ஒரு சுண்டெலி லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற விலங்கியல் அறிஞர் அதை ஆராய்ந்து, அது உலகில் வேறெங்கும் காணப்படாத புதிய இனம் என்று 1915இல் அறிவித்தார். பிடித்தவரின் பெயரையே அதற்கு வைத்தார். ஆகவே அதை மேயர் சுண்டெலி என்கிறோம். அறிவியல் பெயர் மஸ் மேயோரி.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? நம் வீட்டுச் சுண்டெலியைவிடச் சற்றுப் பெரியது. மூஞ்சி நீண்டும் கண்கள் சிறுத்தும் இருப்பதால், முதல் பார்வைக்கு மூஞ்சுறுவோ என்று தோன்றும். ரோமங்களுக்கு இடையே விறைப்பான, முள் போன்ற மயிர்கள் கலந்திருக்கும். முள் மயிர் என்றதும் நம் தென் மாவட்டங்களில் தேரிக்காட்டிலும் புதர்க்காட்டிலும் காணப்படும் முள்ளெலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். தொட்டால் பந்து போலச் சுருண்டுகொள்ளும் அந்தப் பிராணி, பெயரில்தான் எலி. உண்மையில் எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. மேயர் சுண்டெலியோ வீட்டுச் சுண்டெலிக்கும் நம் வயல் சுண்டெலிக்கும் ஒரே பேரினத்தில் வரும் பங்காளி.

பங்காளியாக இருந்தாலும் நடத்தை வேறு. இது காட்டுத் தரையில் வாழ்வது. மரங்களிலிருந்து உதிர்ந்த இலைச் சருகு மக்கி மெத்தை போலக் கிடக்கும் ஈரமான தரைதான் இதன் வீடும் வயலும். இரவில் வெளிவந்து சருகுக்குள் மூஞ்சியை நுழைத்துப் பூச்சி புழுக்களையும் விதைகளையும் தேடித் தின்னும். மலைக் காட்டில் ஒரு வகையும், தென்மேற்குத் தாழ்நிலத்தின் மழைக் காட்டில் இன்னொரு வகையும் உண்டு. சிங்கராஜ வனம் அந்தத் தாழ்நிலக் காட்டைச் சேர்ந்ததுதான். வயலையும் வீட்டையும் நம்பிப் பிழைக்கும் வழக்கம் இதற்கு இல்லை. மனிதன் இருக்கும் இடத்தைத் தேடி வருவது எலியின் குணம் என்று நாம் நினைக்கிறோமே, அது எலி வர்க்கத்தில் ஒரு சில இனங்களின் குணம் மட்டுமே. அந்தச் சில இனங்கள் செய்கிற அட்டூழியத்தால் மொத்தக் குலத்துக்கும் கெட்ட பெயர்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியலில், மேயர் சுண்டெலி அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. அதே தீவில் ஃபெர்னாண்டோ சுண்டெலி என்ற இன்னொரு முள் மயிர்ச் சுண்டெலி இருக்கிறது. தேயிலைத் தோட்ட துரையாக இருந்துகொண்டே இலங்கையின் பாலூட்டிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை 1935இல் எழுதிய பிலிப்ஸ் என்பவர் 1932இல் பெயரிட்ட இனம் அது. அதன் நிலை மேயர் சுண்டெலியைவிட மோசம். இதே பிலிப்ஸ், பட்டிப்பொலவுக்கு அடுத்த ரயில் நிலையமான ஒஹியவின் பெயரால் 1929இல் ஒரு காட்டு எலிக்குப் பெயரிட்டார். அந்த எலிக்கு உலகில் நெருங்கிய இனம் என்று ஒன்றுகூட இல்லை. ஒரு பேரினம் முழுவதும் அந்த ஒரே இனந்தான். அடுத்தடுத்த இரண்டு ரயில் நிலையங்களைச் சுற்றிய காட்டில் இவ்வளவு இருக்கிறது என்றால் அந்த மலையின் பெருமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, இந்தச் சுண்டெலியின் வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை கண்டி மலைகளின் மேல் பகுதிகள் பெரும்பாலும் அடர்ந்த காடு. வெள்ளையர்கள் அங்கே காப்பி பயிரிடத் தொடங்கினார்கள். 1830களிலும் 1840களிலும் காடு மலைச் சரிவு சரிவாக வெட்டிக் கொளுத்தப்பட்டது. அந்த வேலைக்குப் போனவர்கள் யார்? திருச்சி, மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற நம் மக்கள். கடற்கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர் ஏராளம். உங்களில் யாருக்காவது இலங்கைத் தோட்டத்தில் இருந்து திரும்பி வந்த உறவினர்கள் இருக்கலாம். நீலகிரியில் அப்படித் தாயகம் திரும்பிய குடும்பங்கள் ஏராளமாக உள்ளன.

காப்பி வளர்ந்தது. 1847ஆம் ஆண்டில் காப்பித் தோட்டங்களில் எலிப் படையெடுப்பு ஏற்பட்டது. இலங்கையில் அரசாங்கக் காரியதரிசியாக இருந்த எமர்சன் டென்னன்ட் தமது நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பூவும் மொக்கும் உள்ள சிறு கிளைகள் தன் பாரத்தைத் தாங்காது என்பதால், அந்த எலி கிளையைக் கத்தியால் வெட்டியது போல நறுக்கிக் கீழே தள்ளிவிட்டுப் பிறகு இறங்கி வந்து தின்னுமாம். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் கூடக் கொல்லப்பட்டதுண்டாம். அங்கிருந்த நம் தொழிலாளர்கள் அவற்றைத் தேங்காயெண்ணெயில் வறுத்தும் குழம்பு வைத்தும் உண்டார்கள் என்றும், எலி அதிகம் வரும் தோட்டங்களுக்கே விரும்பி வேலைக்குப் போனார்கள் என்றும் அவர் எழுதுகிறார். துரைக்கு இது வேடிக்கையாகத் தோன்றியிருக்கிறது. தஞ்சைத் தரணியில் கிட்டி வைத்து வயல் எலி பிடித்து உண்பவர்களைத் தெரிந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அரைவயிற்றுக் கூலியில் இருந்தவர்களுக்குக் கிடைத்த கறி அது.

அந்த எலிகள் ஏன் திடீரென்று வந்தன? இதுதான் விவசாயி கவனிக்க வேண்டிய இடம். இலங்கை மலைக்காட்டின் அடியில் நெலு என்ற செடி மண்டிக் கிடக்கும். நம் குறிஞ்சியின் இனம் அது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2018இல் குறிஞ்சி பூத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதே போல நெலுவும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, மொத்தமாக விதை கொட்டி, மடிந்து போகும். விதை கொட்டும் காலத்தில் காட்டு எலிகளுக்குக் கொண்டாட்டம். விதை தீர்ந்த பின் பஞ்சம். பஞ்சம் பிழைக்கப் புறப்பட்ட எலிகள் பக்கத்தில் இருந்த காப்பியில் இறங்கின. மிசோரத்தில் மூங்கில் பூத்த 1958-59லும் மறுபடி 2006 முதல் 2008 வரையிலும் இப்படித்தான் எலிகள் பெருகி நெல்லையும் மக்காச்சோளத்தையும் அழித்தன. முதல் முறை பெரும் பஞ்சமே ஏற்பட்டது.

ஆனால் காப்பியில் இறங்கியது மேயர் சுண்டெலி அல்ல. அது காப்பி எலி என்றே பெயர் பெற்ற வேறொரு புதர் எலி. அந்த இனம் இந்தியாவிலும் உண்டு. அழியும் கவலை அதற்கு இல்லை. எனக்கு இதில் ஒரு வருத்தம். காடு வெட்டும் கோடரிக்குத் தப்பி ஓடிய எலியில் எது காப்பியைத் தின்றது, எது சருகில் பூச்சி பொறுக்கியது என்று அன்று யாரும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. 1847இல் மேயர் சுண்டெலிக்குப் பெயரே இல்லை. பெயர் கிடைக்க இன்னும் 68 ஆண்டுகள் இருந்தன. பெயர் கிடைக்கும் முன்பே அதன் காட்டில் பெரும் பகுதி போய்விட்டது.

காப்பியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1869இல் இலைத் துரு நோய் தோன்றியது. மலை முழுக்க ஒரே பயிர் என்பதால் நோய் தீப்போல் பரவி, இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலே சாய்ந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். காப்பி ஏறாத உயரத்துக்கும் தேயிலை ஏறும். ஆகவே மிச்சமிருந்த காட்டுக்கும் ஆபத்து வந்தது. நல்ல வேளையாக, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹூக்கர் 1873இல் ஒரு யோசனை கூறினார். 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டைத் தொட வேண்டாம், அது போனால் ஆறுகளின் தலையே வறண்டுவிடும் என்பது அவர் கருத்து. எலிக்காக அவர் சொல்லவில்லை, தண்ணீருக்காகச் சொன்னார். அந்த யோசனையால்தான் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைப் பகுதிகளில் இன்று ஓரளவுக்காவது காடு நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் 1960களில் விதை உருளைக்கிழங்கு கூடப் பயிரிட்டுப் பார்த்தார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள். 1969இல் காப்பிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் காடு காப்பாற்றப்பட்டுவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்பீர்கள். காடு நிற்கிறது, ஆனால் துண்டு துண்டாக நிற்கிறது. நடுவே தேயிலையும் காய்கறித் தோட்டமும் சாலையும். சருகுத் தரையில் வாழும் ஒரு சுண்டெலிக்கு, மொட்டையாக வெட்டிவிட்ட தேயிலைச் சரிவைக் கடப்பது என்பது நமக்குக் கடலைக் கடப்பது மாதிரி. ஒரு துண்டில் தீயோ வறட்சியோ வந்து இனம் அற்றுப்போனால் அடுத்த துண்டிலிருந்து வந்து குடியேற வழி கிடையாது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் இன்னொரு விதமாக நடந்தது. ஏலக்காய்க்காகப் பெரிய மரங்களை விட்டுவைத்து அடிக்காட்டை மட்டும் செதுக்கி எடுத்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் காடு பசுமையாகவே தெரியும். தரையில் சருகும் இல்லை, இளங்கன்றும் இல்லை என்றால் இந்தச் சுண்டெலியின் கணக்கில் அது காடு அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஏலக்காய் பயிரிடும் நண்பர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, தோட்டத்தின் பின்னாலேயே வருகிற விருந்தாளிகள். எங்கே லயமும் கிடங்கும் கட்டப்படுகின்றனவோ அங்கே கறுப்பெலி வரும். எலிக்காகப் பூனை வரும். எச்சிலுக்காக நாய் வரும். கறுப்பெலி மரமும் ஏறும், கூரையும் ஏறும், எதையும் தின்னும், விரைவில் பெருகும். காட்டோரத்தில் அது நுழைந்துவிட்டால் இரைக்கும் வளைக்கும் உள்ளூர்க்காரனோடு போட்டிதான். பூனைக்கோ வரப்பெலி, காட்டுச் சுண்டெலி என்ற வேறுபாடு கிடையாது.

அந்த வேறுபாடு தெரியாத இன்னொன்று விஷ உணவு. இலங்கையில் தேயிலையின் பெரும் பங்கை இன்று உற்பத்தி செய்பவர்கள் உங்களைப் போன்ற சிறு விவசாயிகளே. நுவரெலியாச் சரிவுகளில் உருளைக்கிழங்கு, கேரட், லீக்ஸ், முட்டைக்கோசு பயிரிடுகிறவர்களும் சிறு விவசாயிகளே. அவர்களுக்கும் எலித் தொல்லை உண்டு. அவர்கள் எலியைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சோற்றில் கை வைக்கும் எலியைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். அதை எங்கே, எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் இலங்கை விவசாயிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. ஏனென்றால் நம் மலைகளிலும் இப்படி ஓர் இனம் உண்டு. நீலகிரியிலிருந்து 1898இல் போன்ஹோட் என்பவர் பெயரிட்ட காட்டுச் சுண்டெலி மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உயரமான இடங்களில் மட்டும் வாழ்கிறது. அதுவும் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. சோலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் நான் இனிச் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விஷ உணவை வரப்பெங்கும் தூவுவதும், காட்டோரச் சருகில் கைப்பிடி கைப்பிடியாக வீசுவதும் வீண் செலவு. முதல் நாள் மாலை உங்கள் நிலத்தில் உள்ள எல்லா எலி வளைகளையும் மண்ணால் மூடுங்கள். மறுநாள் காலை எந்த வளை திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. அந்த வளைக்கு மட்டும் மருந்து வைத்தால் போதும். ஜிங்க் பாஸ்பைடு பயன்படுத்துகிறவர்கள் முதல் இரண்டு நாள் மருந்து கலக்காத பொரியை எண்ணெய் தடவி வைத்துப் பழக்க வேண்டும். பிறகு 49 பங்கு உணவுக்கு 1 பங்கு மருந்து கலந்து வளைக்கு உள்ளே வைத்து வாயை அடைத்துவிட வேண்டும். வெறும் கையால் கலக்கக் கூடாது. வளைக்குள் அடைபட்ட மருந்தைக் குருவியும் தின்னாது, காட்டுச் சுண்டெலியும் தின்னாது. புரோமடையலோன் கட்டியை வைத்தால், செத்த எலிகளைக் காலையிலேயே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகும். ஒரு கூகை இரவில் உங்களுக்காகச் செய்கிற வேலையை மருந்துக் கடைக்காரர் செய்ய மாட்டார்.

மருந்தைவிட எனக்குப் பிடித்தது வரப்பைச் சிறுக்க வைப்பது. அகலமான, களை மண்டிய வரப்பும், படிக்கட்டு நிலத்தின் கல் சுவரில் விட்டுவிட்ட பொந்துகளும் எலிக்கு நாம் கட்டிக்கொடுத்த வீடு. காய்கறி நிலத்தில் அழுகின முட்டைக்கோசையும் கழித்த கிழங்கையும் மூலையில் குவித்து வைப்பது அதற்குப் போடும் விருந்து. இவற்றைச் சரி செய்த பிறகும் எலி இருந்தால் அடுத்ததாகக் கிட்டியும் இடுக்கிப் பொறியும் வையுங்கள், பயிருக்கு உள்ளே வையுங்கள். சோலையின் விளிம்பில் வைக்க வேண்டாம். உங்கள் கிழங்கைத் தின்ற எலி கிழங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

சருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோலையின் ஓரத்துச் சருகைக் கூட்டி அள்ளித் தொழுவத்துக்குப் போடுவதும், கோடையில் நெருப்பு வைத்து "சுத்தம்" செய்வதும் சில ஊர்களில் வழக்கம். அந்தச் சருகு மழை நீரைப் பிடித்து உங்கள் ஊற்றுக்குக் கொடுப்பது. காட்டோரத்தில் பத்தடி அகலத்துக்காவது அதைத் தொடாமல் விடுங்கள். உங்கள் எருக்குழிக்கு வேண்டிய தழையை நிலத்து வேலியில் கிளைரிசிடியா நட்டு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர் காலையிலேயே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "மருந்தே வேண்டாம், நாலு பூனை வளர்த்தால் போதாதா?" என்றார். கிடங்கில் தானியம் வைத்திருந்தால் ஒரு பூனை இருக்கட்டும், அதற்கு வீட்டில் சோறும் போடுங்கள். நாலு பூனை வேண்டாம். குட்டிகள் பெருகிவிட்டன என்று கோணியில் கட்டிக்கொண்டு போய்க் காட்டோரத்தில் விட்டுவிட்டு வருகிறோமே, அது கூடவே கூடாது. விட்ட பூனை திரும்பி உங்கள் கிடங்குக்கு வந்து வரப்பெலியைப் பிடிக்காது. காட்டுக்குள் போய், கைக்கு எளிதாகக் கிடைப்பதைப் பிடிக்கும். கால்நடை மருத்துவமனையில் கேட்டால் குடும்பக் கட்டுப்பாடு செய்ய வழி சொல்வார்கள்.